சுவர்ப்படம் காட்டாத தொலைவு

சூரியனும் கோள்களும் அடுத்தடுத்து நெருங்கி வரிசையாக நிற்கின்றன என்ற எண்ணத்தை, மாணவர்களுக்கு வானியல் சொல்லித்தரும் பணியில் நான் ஓயாமல் எதிர்கொள்கிறேன். வகுப்பறைச் சுவரில் தொங்கும் வண்ணப் படமே இதற்குப் பெரும் காரணம். கோள்களின் பருமனையும் அவற்றுக்கு இடையிலான தொலைவையும் ஒரே அளவுத்திட்டத்தில் ஒரு தாளுக்குள் வரைய முற்பட்டால், கோள்கள் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

ஆகவே மாணவர்களை மைதானத்துக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒரு சென்டிமீட்டராகச் சுருக்கினால், சூரியன் 14 செ.மீ. குறுக்களவுள்ள, நார் உரித்த பெரிய தேங்காய். பூமி ஒரு கடுகு. கடுகை வைக்கச் சொன்னால், பலரும் தேங்காய்க்கு ஒரு முழம் தள்ளி வைப்பார்கள். அதன் உண்மையான இடம் 15 மீட்டருக்கு அப்பால். நிலா, கடுகிலிருந்து நான்கு செ.மீ.க்குச் சற்றுக் குறைவான தொலைவில் ஒரு மணல் துகள். மனிதர் நேரில் போய்வந்த எல்லை ஏறத்தாழ அவ்வளவுதான். வியாழன் 78 மீட்டரில் ஒரு சுண்டைக்காய், நெப்டியூன் 450 மீட்டரில் ஒரு மிளகு. அந்த மாபெரும் வட்டத்துக்குள் தேங்காயை விட்டுவிட்டு, கோள்கள் அனைத்தையும் ஓர் உள்ளங்கையில் அள்ளிவிடலாம்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே பாறைத்துண்டுகள் சுற்றிவரும் சிறுகோள் பட்டையைப் பற்றிய அச்சமும் இப்படிப்பட்டதே. பாறைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கும் இடமாகத் திரைப்படங்கள் அதைக் காட்டுகின்றன. ஆனால் அங்குள்ள பொருள் முழுவதையும் சேர்த்தாலும் நிலாவின் நிறையில் ஏறத்தாழ 3 விழுக்காடுதான் தேறும். 1972இல் ஏவப்பட்ட பயனியர் 10 விண்கலம், அதை முதன்முதலாகச் சேதமின்றிக் கடந்தது.

இந்த மாதிரியில் ஒளியின் வேகம் நொடிக்கு வெறும் 3 செ.மீ., அதாவது ஓர் எறும்பின் நடை. தேங்காயிலிருந்து கடுகை எட்ட அதற்கு எட்டு நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. மைதானத்தில் கைக்கடிகாரத்தோடு அந்த நேரம் முழுவதும் நிற்கும் மாணவருக்கு, எத்தனை சுழியங்களைக் கரும்பலகையில் எழுதினாலும் வராத தெளிவு அப்போது வருவதைக் கண்டிருக்கிறேன். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான புரொக்சிமா சென்டாரி, நெல்லிக்காய் அளவில், ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தேங்காயைச் சென்னையில் வைத்தால், ஹாங்காங்கையும் தாண்ட வேண்டும். 1977இல் புறப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் இந்த அளவுத்திட்டத்தில் நாளொன்றுக்கு 15 செ.மீ. நகர்கிறது. அந்த விண்மீனை நோக்கி அது செல்லவில்லை. சென்றாலும் அவ்வளவு தொலைவைக் கடக்க 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: பருமனுக்கு ஒரு படம், தொலைவுக்கு வேறொரு படம் என்று பிரித்துக் காட்டுங்கள், சுவர்ப்படத்தின் அடியில் ‘தொலைவுகள் அளவுப்படி இல்லை’ என்று எழுதி ஒட்டுங்கள். மைதானம் சிறியதானால் வியாழனோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இடம் போதவில்லை என்பதற்காகத் தொலைவை மட்டும் சுருக்கிவிடாதீர்கள்.