பொன்னுக்கு வீங்கிக்கு அரசு ஊசி உண்டா?

இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று எந்த மாவட்டமானாலும், புதுச்சேரி ஆட்சியில் இருக்கும் காரைக்காலானாலும் பதில் ஒன்றுதான். அரசு இலவசமாகப் போடும் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் பொன்னுக்கு வீங்கி சேரவில்லை.

குழப்பமெல்லாம் எம்.ஆர். ஊசியால் வருவது. 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று என்று புதன்கிழமைகளில் நர்ஸம்மா போட்டுவிட்டுத் தாய்-சேய் நல அட்டையில் தேதி எழுதித் தருகிறார். அது தட்டம்மைக்கும் ரூபெல்லா என்கிற ஜெர்மன் அம்மைக்கும் மட்டும். 2017 பிப்ரவரியில் 9 மாதக் குழந்தை முதல் 15 வயது நிறையாத பிள்ளைகள் வரை பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போட்டார்களே, வாட்ஸ்அப்பில் கண்டதையும் கிளப்பிவிட்டார்களே, அதே ஊசிதான். "அம்மை ஊசி போட்டாச்சே, அப்புறம் எப்படி வீங்குச்சு?" என்று கேட்கும் அம்மாக்களிடம் தப்பு இல்லை, யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அட்டையை எடுத்துப் பாருங்கள். 'எம்.எம்.ஆர்.' என்று இருந்தால்தான் பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துப் போட்டதாக அர்த்தம்.

எம்.எம்.ஆர். தனியார் மருத்துவரிடம் காசு கொடுத்துப் போடுவது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 9 மாதம், 15 மாதம், 4 முதல் 6 வயது என மூன்று தவணை சொல்கிறது. அரசு எம்.ஆர். ஊசி ஏற்கெனவே போட்டிருந்தாலும் எம்.எம்.ஆர். போடலாம், கெடுதல் இல்லை. இரண்டுக்கும் நடுவே 4 வாரமாவது இடைவெளி வேண்டும். அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள், அங்கே போட்டதை நர்ஸம்மாவிடமும் சொல்லிப் பதியவையுங்கள். எம்.எம்.ஆர். ஊசிக்குக் காசு சேரட்டும் என்று அரசின் இலவச எம்.ஆர். தவணையைத் தள்ளிப்போடுவது மட்டும் கூடாது. தட்டம்மை உயிரையே எடுக்கும்.

பொன்னுக்கு வீங்கி சாவு வரைக்கும் போவது அபூர்வம். அதற்காக அதைச் சில்லறை நோயாக நினைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வயதுக்கு வந்த பையன்களுக்கு விரை வீங்கலாம், சிலருக்கு மூளைச்சவ்வு அழற்சி வரும், எப்போதாவது ஒரு காது நிரந்தரமாகக் கேட்காமல் போகும்.

வந்துவிட்டால் சிகிச்சைக்குச் செலவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக் காய்ச்சலுக்கும் வலிக்கும் மாத்திரை தருவார்கள். இது வைரஸ் கிருமி என்பதால் இதைக் கொல்லும் மாத்திரையென்று ஒன்று கிடையாது, ஆன்டிபயாடிக் கேட்டு நிற்க வேண்டாம். கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவதும் மஞ்சள் பற்று போடுவதும் பாட்டிகளின் திருப்திக்கு. சங்கிலி பத்திரம், அவ்வளவுதான். புளிக்குழம்பும் எலுமிச்சையும் வேண்டாம். புளிப்பு பட்டதும் எச்சில் ஊறும், வீங்கிய சுரப்பி சுருக்கென்று வலிக்கும். புழுங்கலரிசிக் கஞ்சியைக் குழையக் காய்ச்சிக் கொடுங்கள்.

வீக்கம் தெரிந்த நாளிலிருந்து 5 நாள் பள்ளிக்கூடம், அங்கன்வாடி, கல்யாணம், கோயில் திருவிழா எதுவும் வேண்டாம். வீங்குவதற்கு 2 நாள் முன்பிருந்தே ஒட்டியிருக்கலாம் என்பதால் வகுப்பாசிரியரிடமும் சொல்லிவிடுங்கள்.

ஓயாத வாந்தி, பிடரி விறைப்பு, கடும் வயிற்றுவலி, விரைவலி, காது மந்தம் இதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சந்தேகம் கேட்க மட்டும் என்றால் தமிழ்நாட்டில் 104.