டெலிகனெக்‌ஷன்: இதுக்குத் தமிழ்ல என்ன சொல்றது?

கடல் ஒரு பகுதியோட மழையை எப்படி மாத்துதுன்னு பிஹெச்டி பண்றவங்க தீசிஸ் எதை எடுத்தாலும் இந்த வார்த்தை வந்துட்டே இருக்கும், டெலிகனெக்‌ஷன். தமிழ்ல எழுதும்போது அவசரத்துல "தொலைத்தொடர்பு"ன்னு போட்டுட்டா முடிஞ்சுது கதை, எல் நினோவுக்கும் (கிழக்குப் பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகுறது) நம்ம ஊர் மழைக்கும் தொலைத்தொடர்பு இருக்குன்னு படிக்கிறவனுக்கு பிஎஸ்என்எல் ஆபீஸ்தான் ஞாபகத்துக்கு வரும்.

அர்த்தம் இதுதான். ஓரிடத்துல கடலோ காத்தோ வழக்கத்துல இருந்து மாறுது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இன்னொரு இடத்துல மழையும் வெயிலும் அதோட சேந்து மாறுது, அதுவும் ஏதோ ஒரு வருஷம் நடந்துச்சுன்னு இல்லாம பல வருஷ டேட்டாவுல திரும்பத் திரும்பத் தெரியுது. அந்த உறவுக்குப் பேர்தான் டெலிகனெக்‌ஷன்.

"டெலி" கிரேக்கம், தூரம்னு அர்த்தம். "கனெக்" லத்தீன்ல இருந்து வந்தது, அங்க "நெக்தெரே"ன்னா கட்டுறது, பிணைக்கிறது. முதல்ல இது வானிலைக்காரங்க வார்த்தையே இல்ல. ஸ்வீடன்ல டி யேர்னு ஒரு நிலவியலாளர், பனிப்பாறை உருகின ஏரிகள்ல வருஷாவருஷம் படிஞ்ச களிமண் அடுக்குகளை எண்ணிக்கிட்டு இருந்தவர், அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்க அடுக்கையும் அந்தப் பக்க அடுக்கையும் பொருத்திப் பாக்குறதுக்கு இந்தச் சொல்லை வச்சிருந்தார். 1935-ல இன்னொரு ஸ்வீடன்காரர், ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ராம், அதைக் காலநிலைக்குக் கொண்டு வந்தார். (ஃபிசிக்ஸ்ல ஆங்ஸ்ட்ராம்னு ஒரு அளவு படிச்சிருப்பீங்களே, அந்தப் பேருக்குச் சொந்தக்காரரோட பேரன்தான் இவர்.)

ஆனா விஷயம் வார்த்தைக்கு முன்னாடியே வந்துடுச்சு, அதுவும் இந்தியாவுலதான். 1899-ல பருவமழை பொய்ச்சு பெரிய பஞ்சம் வந்த கொஞ்ச வருஷத்துல, 1904-ல, கில்பர்ட் வாக்கர் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவரா வந்தார். கேம்பிரிட்ஜ் கணக்கு ஆளு, வானிலை பெருசா படிச்சதில்ல, பூமராங் எப்படிப் பறக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணி "பூமராங் வாக்கர்"னு பேர் வாங்கினவர். அடுத்த வருஷ மழையை முன்கூட்டியே சொல்ல முடியுமான்னு பாக்க, உலகம் பூரா இருந்து காற்றழுத்தம், வெப்பம், மழைன்னு கணக்குகளைச் சேத்து, கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல குமாஸ்தாக்களை வச்சு கையாலயே கணக்குப் போட வச்சார். பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறினா இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குது, அங்க இறங்கினா இங்க ஏறுதுன்னு தெரிஞ்சுது. அதுக்கு "தெற்கு அலைவு"ன்னு பேர் வச்சார். ஏன் அப்படி நடக்குதுன்னு மட்டும் அவரால சொல்ல முடியல, வெறும் நம்பர் விளையாட்டுன்னு சந்தேகப்பட்டவங்களும் உண்டு.

பதில் 1969-ல யாக்கோப் பியர்க்னஸ்னு ஒரு வானிலை விஞ்ஞானி எழுதின கட்டுரையில வந்தது, தலைப்புலயே டெலிகனெக்‌ஷன் இருக்கு. கிழக்குப் பசிபிக்ல கடல் சூடானா மழை மேகம் திரளுற இடமே கிழக்கே நகந்துடுது, அதனால மேல ஏறுற காத்தும் கீழ இறங்குற காத்தும் இடம் மாறுது, இறங்குற பக்கம் மேகம் வளர முடியாம மழை குறையுது. இந்தக் காத்துச் சுத்துக்கு "வாக்கர் சுழற்சி"ன்னு அவரே பேர் வச்சார். இந்தியாவுல தென்மேற்குப் பருவமழை எல் நினோ வருஷத்துல அடி வாங்குறதுக்கு இதுதான் முக்கியக் காரணம். தமிழ்நாட்டுக்கு மட்டும் கதை தலைகீழ், எல் நினோ வந்தா வடகிழக்குப் பருவமழை பொதுவா நல்லாவே பெய்யும், சென்னை வெள்ளம் வந்த 2015 பலமான எல் நினோ வருஷம்.

இங்கதான் ரிசர்ச் ஸ்காலருக்குத் தலைவலி ஆரம்பம். 2016-ல லா நினா (எல் நினோவுக்கு நேர்மாறா அதே கடல் குளிர்றது), தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவத்துல சுமார் 44 செ.மீ. வரவேண்டியது 17 செ.மீ.தான் வந்தது, சரி, ஒத்துப்போகுது. 2021-லயும் லா நினாதான், ஆனா 71 செ.மீ. கொட்டித் தீத்துச்சு. 1997-ல பயங்கர எல் நினோ, இந்தியாவுக்குத் தென்மேற்கு மழை சராசரியை ஒட்டியே வந்துடுச்சு, அந்த வருஷம் இந்தியப் பெருங்கடலே மேற்குல சூடாவும் கிழக்குல குளிர்ச்சியாவும் இருந்து பசிபிக்கோட வேலையைக் கொஞ்சம் கெடுத்ததுன்னு சொல்றாங்க. எல் நினோவுக்கும் இந்திய மழைக்கும் இருந்த பழைய உறவே தளர்ந்துட்டு வருதுன்னு 1999-ல கிருஷ்ணகுமார், பாலாஜி ராஜகோபாலன், மார்க் கேன் மூணு பேரும் சயின்ஸ் இதழ்ல எழுதினாங்க. அதனால ரெண்டு கிராஃப் சேந்து ஏறி இறங்குதுன்னு காட்டினா மட்டும் கைடு விடமாட்டார், பசிபிக்கோட பங்கைக் கழிச்சுட்டு இந்தியப் பெருங்கடலுக்குத் தனியா என்ன பங்குன்னு பாக்கணும், காலநிலையைக் கணக்குப் போடுற கம்ப்யூட்டர் மாடல்ல ஒரு கடலோட வெப்பத்தை மட்டும் மாத்தி ஓட்டி காத்து எந்த வழியா மாறுதுன்னு காட்டணும். தீசிஸ்ல பாதி வருஷம் அதுக்கே போயிடும்.

இப்ப தமிழுக்கு வருவோம். "தொலை"யை விடவேண்டாம், தொலைபேசி, தொலைநோக்கின்னு எல்லாருக்கும் பழகினது. பிரச்சினை "தொடர்பு"தான், அது டெலிகாமுக்குப் போயிடுச்சு, போதாததுக்கு வெறும் சேந்து மாறுறதையும் தொடர்புன்னுதான் சொல்றோம். சேந்து மாறுறதுக்கு புள்ளியியல் பாடத்துல "ஒட்டுறவு"ன்னு தனியா ஒரு சொல் இருக்கே. "தொலையிணைப்பு" பரவாயில்ல, ஆனா வயர் இழுத்துக் கனெக்‌ஷன் குடுத்த மாதிரி இருக்கு. என் ஓட்டு "தொலைப்பிணைப்பு"க்குத்தான். நெக்தெரேக்குப் பிணைதான் நேர்ச்சொல், ஒண்ணு அசைஞ்சா இன்னொண்ணும் அசையுங்கிற இழுப்பும் அதுல இருக்கு. நடுவுல ப் விட்டுடாதீங்க. "எல் நினோ, வடகிழக்குப் பருவமழைத் தொலைப்பிணைப்பு"ன்னு தலைப்பு வச்சா ஜம்முனு நிக்குது. ஆராய்ச்சிக் கட்டுரைக்கு இது போதும், பேப்பர்ல செய்தி எழுதுறவங்க "தூரத்துக் கடலோட தாக்கம்"னு எழுதிட்டாலே ஜனத்துக்குப் புரிஞ்சுடும்.