ஒரே முகூர்த்தம், ஒரே ஹால், இரண்டு ரசீது

போன மாதம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கல்யாண மண்டபம் ஒன்றுக்கு ஆன்லைன் புக்கிங் தளம் செய்துகொடுத்தவர். ஆவணி முகூர்த்தம் ஒன்றில் ஒரே ஹால் இரண்டு குடும்பங்களுக்குப் பதிவாகிவிட்டது. இரண்டு பேர் கையிலும் அட்வான்ஸ் ரசீது. “ஹால் காலியா என்று பார்த்த பிறகுதான் பதிவைச் சேர்க்கும்படி எழுதியிருக்கிறேன் சார். எத்தனையோ தடவை டெஸ்ட் பண்ணிவிட்டேன், ஒருமுறைகூடத் தப்பு வரவில்லை. மண்டபத்து முதலாளி, நேரம் சரியில்லை, ஒரு ஹோமம் பண்ணிவிடலாம் என்கிறார். என்னதான் நடந்திருக்கும்?”

ஹோமம் செய்தாலும் அடுத்த பெரிய முகூர்த்தத்தில் இது திரும்ப நடக்கும். காரணம் அவர் அனுப்பிய லாகிலேயே, அதாவது எது எப்போது நடந்தது என்று கணினி குறித்துவைக்கும் குறிப்பிலேயே இருந்தது. இரண்டு பதிவுகளுக்கும் நடுவே 4 மில்லிசெகண்ட்.

பிரவுசர், அதன் பின்னால் பைத்தானிலோ பிஎச்பியிலோ ஒரு புரோகிராம், அதற்கும் பின்னால் பதிவுகளைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ். இது எல்லோருக்கும் தெரிந்த அமைப்பு. “ஒரு ஹால், ஒரு நேரம், ஒரு விசேஷம்” என்பது மண்டபத்தின் விதி. இப்படிப்பட்ட விதிகளைத்தான் பிசினஸ் லாஜிக் என்கிறார்கள். நம் வாசக நண்பர் இந்த விதியைப் புரோகிராமில் வைத்திருந்தார்: முதலில் பார், காலியாக இருந்தால் சேர். பார்ப்பதற்கும் சேர்ப்பதற்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டு. ஒருவர் பார்த்துவிட்டார், இன்னும் சேர்க்கவில்லை; அதற்குள் இன்னொருவரும் பார்க்கிறார். இரண்டு பேருக்கும் ஹால் காலிதான். இரண்டு பேரும் சேர்க்கிறார்கள். தனியாக உட்கார்ந்து டெஸ்ட் பண்ணினால் இது தெரியவே தெரியாது, இடைவெளியில் நுழைய அங்கே இன்னொரு ஆள் இல்லை. முகூர்த்த நாள் என்றால் ஊரே ஒரே தேதிக்கு அலைமோதும். வருஷத்தில் இத்தனை நாள் இருக்க, சில தேதிகளில் மட்டும்தான் கல்யாணம் என்று நாமே குவித்து வைத்திருக்கிறோம். இதில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் அந்தக் கூட்டத்தையும் தாங்குகிற மாதிரி எழுதுவதுதான் நம் வேலை.

பார்ப்பதையும் சேர்ப்பதையும் ஒரு டிரான்சாக்ஷனுக்குள், அதாவது முழுதாக முடியும் அல்லது மொத்தமாக ரத்தாகும் ஒரே கட்டுக்குள் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. நண்பர் பயன்படுத்தும் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் (சுருக்கமாக போஸ்ட்கிரெஸ்) வழக்கமான அமைப்பு என்னவென்றால், ஒருவர் கமிட் பண்ணாத, அதாவது முடித்து உறுதிசெய்யாத பதிவு மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. அரைகுறைக் கணக்கை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு அது. இந்த இடத்தில் அதுவே கண்ணை மறைக்கிறது.

ஹால் எண்ணும் தேதியும் சேர்ந்து இருமுறை வரக்கூடாது என்று டேட்டாபேஸிலேயே ஒரு யூனிக் தடை போடலாம். முழு நாளாக மட்டும் வாடகைக்கு விட்டால் அதுவே போதும். ஆனால் மண்டபம் அப்படி இயங்குவதில்லை. முந்தின நாள் மாலை 3 மணிக்கு ரிசப்ஷனுக்காக உள்ளே வருபவர்கள் மறுநாள் மதியம் 3 மணிக்குத்தான் காலி பண்ணுவார்கள். காதுகுத்துக்கு அரை நாள். யூனிக் தடைக்கு ‘சமமா’ என்று மட்டுமே கேட்கத் தெரியும். நமக்கு வேண்டியது ‘ஒன்றன்மேல் ஒன்று விழுகிறதா’ என்ற கேள்வி.

2010இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 9.0இல் எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் (விலக்கும் தடை) என்று ஒன்று சேர்ந்தது. ஹாலும் ஒன்றாக இருந்து நேரமும் மோதுகிற இரண்டு பதிவுகள் இந்த டேபிளில் இருக்கவே கூடாது என்று அதில் எழுதிவைக்கலாம். எழுதுவது சில வரிதான். ஆனால் உள்ளே அது வேலை செய்யும் விதத்தை முதன்முதலில் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பஸ் வந்து நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, அதேதான். புதுப் பதிவு வந்ததும் போஸ்ட்கிரெஸ் முதலில் எதையும் பார்ப்பதில்லை. பதிவை டேபிளில் எழுதிவிடுகிறது, தேடலுக்கு உதவும் பட்டியலான இன்டெக்ஸிலும் அதற்கு ஓர் இடம் போட்டுவிடுகிறது. அதற்கப்புறம்தான் திரும்பிப் பார்க்கிறது: என் நேரத்தோடு மோதுகிற வேறு துண்டு ஏதாவது கிடக்கிறதா? அப்படிப் பார்க்கும்போது கமிட் ஆகாத பதிவுகளும் தெரிகிற தனிப் பார்வை அதற்கு உண்டு. டர்ட்டி ஸ்னாப்ஷாட் என்று பெயர்.

நண்பரின் புரோகிராம் செய்த வரிசையை இது அப்படியே தலைகீழாக்கிவிட்டது, கவனித்தீர்களா? இரண்டு பேரும் துண்டு போட்ட பிறகே பார்க்கிறார்கள். யார் பிந்திப் போட்டாரோ, அவர் பார்க்கும்போது முந்தினவர் துண்டு ஏற்கெனவே அங்கே கிடக்கும். ஆகவே ஒருவர் கண்ணிலாவது மற்றவர் பட்டே தீரவேண்டும். இடைவெளி 4 மில்லிசெகண்டாக இருந்தாலும் சரி, அதில் ஆயிரத்தில் ஒரு பங்காக இருந்தாலும் சரி.

மோதல் தெரிந்ததும் உடனே விரட்டுவதும் இல்லை. எதிராளி இன்னும் கமிட் பண்ணவில்லை என்றால் காத்திருக்கிறது. பணம் கட்டாமல் அவர் போய்விட்டால் இவருக்கு ஹால். அவர் முடித்துவிட்டால் இவருக்கு 23P01 என்ற பிழை எண். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக் காத்திருந்தால்? அதற்கும் வழி உண்டு. ஒரு செகண்ட் பொறுத்துப் பார்த்து, முட்டுக்கட்டை என்று தெரிந்தால் ஒருவரை வெளியே அனுப்பிவிடும். தோற்றவரின் துண்டு அங்கேயே கிடக்கும். பின்னால் வேக்யூம் என்ற துப்புரவு வேலை வந்து பெருக்கும்.

மோதுகிறதா என்று சட்டெனத் தேட அந்த இன்டெக்ஸுக்கு உதவும் ஜிஸ்ட் என்ற மர அமைப்பு 1995இல் ஹெல்லர்ஸ்டீன், நாட்டன், ஃபெஃபர் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் பிறந்தது. போஸ்ட்கிரெஸே 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆராய்ச்சி. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான தார்பா, அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அலுவலகம், தேசிய அறிவியல் அறக்கட்டளை எல்லாம் பணம் கொடுத்தன. அந்த மரம் இப்படி ஒரு தடையாக உருவெடுக்கப் பதினைந்து வருஷம் ஆனது. “மூன்று வருஷத்தில் என்ன பலன்?” என்று கேட்டு நிதியை நிறுத்துகிறவர்களிடம் இதைத்தான் சொல்ல ஆசைப்படுகிறேன்.

எல்லா விதியையும் டேட்டாபேஸுக்குள் தள்ளச் சொல்லவில்லை. ஆடி மாதத் தள்ளுபடி, எஸ்எம்எஸ் அனுப்புவது எல்லாம் புரோகிராமிலேயே இருக்கட்டும். மீறினால் ஒரு குடும்பம் நடுத்தெருவில் நிற்கும் என்கிற விதிக்கு டேட்டாபேஸ்தான் சரியான இடம். புரோகிராமைச் சுற்றிக்கொண்டு போகப் பல வழிகள் இருக்கின்றன. பைத்தானில் தளம் எழுத உதவும் ஜாங்கோவில் மொத்தமாக அப்டேட் பண்ணினால் நீங்கள் ‘சேவ்’ பகுதியில் எழுதிய சோதனை ஓடவே ஓடாது. மேனேஜர் நேரே டேபிளைத் திறந்து கையால் ஒரு பதிவு போட்டாலும் அதே கதி. இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லில் எக்ஸ்க்ளூஷன் தடை கிடையாது. அங்கே அந்த ஹாலின் பதிவைப் பூட்டிவிட்டுத்தான் காலியா என்று பார்க்கவேண்டும்.

இதையெல்லாம் நண்பருக்கு எழுதினேன். நேரத்தின் முடிவுப் புள்ளியைச் சேர்க்காமல் விடுங்கள், 3 மணிக்கு ஒருவர் வெளியேற அதே 3 மணிக்கு அடுத்தவர் நுழையலாம் என்றேன். கேன்சல் ஆன பதிவுகளுக்குத் தடை வேண்டாம் என்று ஒரு நிபந்தனை சேர்க்கச் சொன்னேன்.

அன்று இரவே முயன்று பார்த்தார். தடையைச் சேர்க்க போஸ்ட்கிரெஸ் மறுத்துவிட்டது, ஆவணிப் பதிவுகள் இரண்டும் டேபிளில் அப்படியே இருந்ததால். ஒரு குடும்பத்தை வேறு ஹாலுக்கு மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினார். மறுபடியும் மறுப்பு. இந்தத் தடவை பிழைச் செய்தியில் வந்தது தை மாதத் தேதி ஒன்று, பெரிய ஹால், இரண்டு பெயர்கள். அந்த இரண்டு வீட்டுக்கும் விஷயமே தெரியாது. பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்பே இருவரையும் போனில் பிடித்துவிட்டார்.