ஸ்டீரியோ மாற்றிய பின் பேட்டரி இறங்குகிறதா? வயரைப் பாருங்கள்

புது ஸ்டீரியோ போட்ட சில நாளிலேயே வண்டி காலையில் செல்ஃப் எடுக்காமல் நின்றால், நம் ஆட்கள் முதலில் கை வைப்பது பேட்டரியில்தான். புதுசு வாங்கி மாட்டுவார்கள், அதுவும் படுத்துவிடும். "அண்ணே, பேட்டரி போன மாசம்தான் மாத்துனது" என்று மார்த்தாண்டத்தில் என் கடைக்கு வரும் இப்படிப்பட்ட வண்டிகளில் பெரும்பாலும் பேட்டரி மேல் குற்றமே இருக்காது. டேஷ்போர்டுக்குப் பின்னால் வெட்டி முறுக்கி டேப் சுற்றிய வயரில்தான் இருக்கும்.

வெளியில் வாங்கும் ஸ்டீரியோவில் மஞ்சள் வயருக்கு எப்போதும் 12 வோல்ட் வேண்டும். நேரமும் செட்டிங்கும் அழியாமல் இருப்பது அதனால்தான். சிவப்புக்குச் சாவி திருப்பினால் மட்டுமே கரண்ட் வர வேண்டும். சாவி லைனைத் தேட அலுப்புப்பட்டு இரண்டையும் பேட்டரி லைனில் சேர்த்து முறுக்கிவிடுகிறார்கள். சாவியை எடுத்தது செட்டுக்குத் தெரியாது. ஸ்கிரீன் அணைந்திருந்தாலும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்.

அரை ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் ஹவர் போகும். சின்ன கார்களில் இருக்கும் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி மூன்று நாளில் காலி. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்க, ஷெட்டில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டிகள் நம் மாவட்டத்தில் ஏராளம். அவற்றுக்கு 100 மில்லி ஆம்பியரே போதும், இரண்டு வாரத்தில் பேட்டரி தரையைத் தொட்டுவிடும்.

கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியரில் வையுங்கள். அரை மணி நேரம் பொறுங்கள். புது வண்டிகளின் கம்ப்யூட்டர்கள் உடனே தூங்காது. அதன் பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் நின்றால் நல்லது. கூடுதலாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், ரேடியோ ஃபியூஸில் தொடங்கி. எதை எடுத்தால் அளவு சட்டென்று இறங்குகிறதோ, அந்த லைனில்தான் கோளாறு. மீட்டர் இப்படி மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் மட்டும் செய்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.

எனக்கு நிஜமாகவே பயம் தருவது ஃபியூஸ் விவகாரம். குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு கார் வந்தது. செட் போட்டதிலிருந்து பார்க்கிங் லைட் போட்டாலே ஃபியூஸ் போகிறது என்று, யாரோ சிவப்பு நிற 10 ஆம்பியருக்குப் பதில் பச்சை 30 ஆம்பியரைச் சொருகியிருந்தார்கள். செட்டை வெளியே இழுத்தேன். பட்டன் வெளிச்சத்துக்கான ஆரஞ்சு வயர், தேவையில்லை என்று வெறும் முனையோடு விடப்பட்டு, இரும்புப் பிராக்கெட்டில் உரசிக் கிடந்தது. வயரின் மேல்தோல் உருகி டேப்போடு ஒட்டியிருந்தது. இன்னும் சில இரவுப் பயணம் ஓடியிருந்தால் தீ பிடித்திருக்கலாம். ஃபியூஸ் போனால் காரணத்தைத் தேடுங்கள். பெரிய ஃபியூஸ் வேண்டவே வேண்டாம், ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பேப்பர் ஃபாயில் வைப்பது அதைவிடக் கேடு.

டேப் ஜாயிண்ட் நம் ஊருக்குச் சரிப்படாது. டேஷ்போர்டுச் சூட்டில் பசை இளகும், இரண்டு பருவமழையின் ஈரமும் இங்கே உண்டு, முட்டம், குளச்சல் பக்கம் உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும். வண்டிக்கென்றே வரும் கப்ளர், அதாவது செட்டின் வயரை வண்டியின் சாக்கெட்டோடு இணைக்கும் பிளக், சில நூறு ரூபாய்தான். ஒரிஜினல் சாக்கெட்டை வெட்டாமல் மாட்டலாம், வாரண்டிக்கும் வம்பில்லை. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சால்டர் செய்து, சூடு காட்டினால் சுருங்கி வயரை இறுக்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். வண்டிப் பக்க வயரின் நிறத்தை நம்பி இணைக்க விடாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மீட்டர் வைத்துப் பார்ப்பதுதான் முறை.

ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'உய்ங்' என்று ஏறினால், பெரும்பாலும் எர்த் சரியில்லை. பெயின்ட் சுரண்டிய சுத்தமான பாடி இரும்பில் எர்த்தை மாற்றிப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அதன் பவர் வயரையும் ஆடியோ வயரையும் ஒரே பக்கமாக இழுக்கக் கூடாது.

ஸ்டீயரிங் பட்டனையும் இணைக்கச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே இருக்கும் மஞ்சள் கப்ளர் ஏர்பேக்குடையது. அதில் டெஸ்ட் லாம்ப் குத்தினால் ஏர்பேக் வெடிக்க வாய்ப்புண்டு. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருக்காமல் ஸ்டீயரிங்கில் கை வைப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.