ஜெபம்: சொல்லும் கருத்தும்

பாளையங்கோட்டை, நாசரேத், சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் என்று திருநெல்வேலிச் சீமையில் எந்தப் பக்கம் போனாலும் ஜெபம் என்ற சொல் காதில் விழாமல் பொழுது போகாது. புது வீட்டுக்கு ஜெபம், பரீட்சைக்கு ஜெபம், ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் ஜெபம். எந்தக் கூட்டமானாலும் ஆரம்ப ஜெபத்தோடு தொடங்கி முடிவு ஜெபத்தோடு கலையும். கிளம்பும்போது "ஜெபத்துல நினைச்சுக்கோங்க" என்பார்கள். ஜெபமணி, ஜெபராஜ், ஜெபசீலி என்று பிள்ளைகளுக்கே அந்தச் சொல்லைப் பெயராக வைத்திருக்கிறோம். ஆனால் ஜெபம் என்றால் என்ன என்று கேட்டால், "ஆண்டவர்கிட்ட கேக்கிறது" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அது பாதிதான். மீதியையும் பார்ப்போம்.

சொல்லின் மூலம் சமஸ்கிருதத்து ஜபம். தாழ்ந்த குரலில் சொல்லுதல், முணுமுணுத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். மந்திரத்தைத் திரும்பத் திரும்ப உருவேற்றுவதற்கு அது பெயரானது. ஜயம் ஜெயமாகவும் ஜன்மம் ஜென்மமாகவும் தமிழ் வாயில் திரிந்த மாதிரியே ஜபமும் ஜெபமாயிற்று. கிரந்த எழுத்து வேண்டாம் என்பவர்கள் செபம் என்று எழுதுகிறார்கள். கத்தோலிக்கர் எழுத்தில் செபம், செபமாலை என்பதே வழக்கம். சீர்திருத்த சபையார் ஜெபத்திலேயே நிற்கிறார்கள். எழுத்துதான் வேறு, சொல் ஒன்றே.

உருவேற்றுதல் என்ற பொருளும் நம் கடற்கரைக்குப் புதிதல்ல. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் முக்கியமான ஜெபங்களைத் தமிழில் ஆக்கச் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தார். முத்துக்குளித்துறையில் உழைத்த அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் தமிழில் அச்சிட்ட ஞான உபதேச நூலின் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. நாம் பரமண்டல ஜெபம் என்று சொல்வதைப் பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் பரலோக மந்திரம் என்பார்கள். மனப்பாடமாகச் சொல்லும் ஜெபத்தில் உண்மை இருக்காது என்று சிலர் தள்ளிப் பேசுவதை நான் ஏற்கவில்லை. பரமண்டல ஜெபத்தைச் சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்தவரே இயேசுதான். "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று அதற்குச் சற்று முன்னால் சொன்னவரும் அவர்தான். அவர் கண்டித்தது வார்த்தை திரும்ப வருவதை அல்ல, அதிகம் பேசினால்தான் கேட்கப்படும் என்ற நினைப்பை. புதிது புதிதாகச் சொல் கட்டி அரைமணி நேரம் சத்தமாகப் பண்ணும் ஜெபத்திலும் அந்த நினைப்பு இருக்கலாம்.

முணுமுணுத்தல் என்ற வேர்ப்பொருளுக்கு நம் வேதாகமத்திலேயே ஒரு முகம் உண்டு. சாமுவேலின் முதலாம் புஸ்தகத்தில் வரும் அன்னாள்தான் அது. பிள்ளையில்லை, புருஷனின் இன்னொரு மனைவியான பெனின்னாளின் குத்தல் வேறு. சீலோவில் ஆலயத்தில் நின்று அவள் ஜெபிக்கும்போது உதடுகள் மாத்திரம் அசைகின்றன, சத்தம் கேட்கவில்லை. ஏலி என்ற ஆசாரியன் அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிடுகிறான். அதற்கு அவள், "என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்" என்கிறாள். உதடு அசைந்தும் பக்கத்திலிருப்பவருக்குக் கேட்காத ஜபத்தை உபாம்சு என்று வடமொழி மரபு தனியாகப் பிரித்துச் சொல்லும். நம் கோயில்களில் ஆராதனை தொடங்கும் முன் சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டு, முழங்காலிட்டு, யாருக்கும் கேட்காமல் உதட்டை மட்டும் அசைக்கும் பாட்டிமாரைப் பார்த்தால் அன்னாளின் நினைவுதான் வரும். முணுமுணுப்பு என்பது குறைவான சொல்லே அல்ல.

அன்னாள் கதையில் நாம் வேகமாகத் தாண்டிப்போகும் வரி ஒன்று இருக்கிறது. அவள் கேட்ட பிள்ளையான சாமுவேல் பிறந்தது பிற்பாடு. ஆனால் ஜெபித்து எழுந்த அன்றைக்கே அவள் போய்ச் சாப்பிட்டாள். "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை". கேட்டது இன்னும் கைக்கு வரவில்லை, ஆள் அதற்குள் மாறிவிட்டாள். உண்மையான ஜெபம் எதற்கு என்று கேட்பவருக்கு இந்த வரியைத்தான் காட்டுவேன். நமக்கு என்ன தேவை என்பது நாம் கேட்கும் முன்னமே பிதாவுக்குத் தெரியும் என்று இயேசு சொல்கிறார். அப்படியானால் ஜெபம் அவருக்குத் தகவல் சொல்வதற்காக இல்லை. அவர் மனதை நம் பக்கம் வளைப்பதற்காகவும் இல்லை. உள்ளதை உள்ளபடி எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்பதற்காக. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் வேண்டியதை ஒளிக்கவில்லை. பாடுகளாகிய இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டார், பிறகு "உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றார். முதல் பாதியைச் சொல்லாமல் இரண்டாவதை மட்டும் சொல்லிப் பழகியவர்கள் நம்மில் நிறைய. அது பணிவு போலத் தெரிந்தாலும் மனதை மறைப்பதுதான்.

இதற்குப் பொருத்தமான தமிழ்ச்சொல்லை யாக்கோபு நிருபத்தின் மொழிபெயர்ப்பு தந்திருக்கிறது. மழை நிற்கவும் மறுபடி பெய்யவும் ஜெபித்த தீர்க்கதரிசி எலியா "கருத்தாய் ஜெபம்பண்ணினான்" என்கிறது அது. கிரேக்க மூலத்தில் இருப்பது 'ஜெபத்தினால் ஜெபித்தான்' என்ற அழுத்தம். அதைத் தமிழாக்கியவர் 'கருத்தாய்' என்று பிடித்தது எவ்வளவு அழகு! "கருத்தாப் படி" என்று பிள்ளைகளிடம் சொல்கிறோமே, அதே கருத்துதான். மனமும் கவனமும் சொல்லின் கூடவே இருப்பது. சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டு (செம்மணல் மேட்டு) ஊர்களில் மழைக்காக ஜெபிப்பவர்களுக்கு எலியாவின் பெயர் தானாகவே வாயில் வரும்.

சரி, ஜெபத்துக்குத் தனித்தமிழ்ச் சொல் எது? வேதத்தில் அப்போஸ்தலன் பவுல் விண்ணப்பம், ஜெபம், வேண்டுதல், ஸ்தோத்திரம் என்று நான்கை அடுக்குகிறார். அவற்றில் தமிழ் வேரில் நிற்பது வேண்டுதல் ஒன்றே. விண்ணப்பம்கூட விஞ்ஞாபனத்தின் திரிபுதான். வேண்டுதலுக்கு முதற்பொருள் விரும்புதல்; "வேண்டுதல் வேண்டாமை இலான்" என்ற குறளில் அது விருப்பத்தையே குறிக்கிறது. ஆனால் நம் ஊர்ப் பேச்சில் அது நேர்ச்சையாகிவிட்டது. உவரி, புளியம்பட்டி அந்தோணியார் கோயில்களுக்குப் போகிறவர்கள் "வேண்டுதல் இருக்கு" என்றால் செலுத்த வேண்டியது ஒன்று பாக்கி என்று பொருள். நம்மவர்கள் பொருத்தனை என்பதும் அதைத்தான். ஆகவே ஜெபம் முழுவதற்கும் அதை வைத்தால் கொடுக்கல் வாங்கல் வாடை வந்துவிடும். மன்றாட்டு நல்ல சொல். மன்றில் நின்று முறையிடுவது அதன் அடிப்படை. பிறருக்காகப் பரிந்து கேட்கும் ஜெபத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. கத்தோலிக்கர் இப்போது எழுதும் இறைவேண்டலில் கேட்பதே முன்னால் நிற்கிறது.

என் தேர்வு இறைஞ்சல். இறைஞ்சுதல் என்றால் வணங்குதல், தாழ்தல். கெஞ்சிக் கேட்டல் என்ற பொருளும் அதற்கு உண்டு. பணிவதும் கேட்பதும் ஒரே சொல்லில் வருகின்றன. கட்டுரையிலும் மொழிபெயர்ப்பிலும் தயங்காமல் பயன்படுத்தலாம். வீட்டில் பாய் விரித்து உட்காரும்போது மட்டும் "வாங்க, ஜெபம் பண்ணுவோம்" என்றே இருக்கட்டும். தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய அந்தச் சொல்லை மாற்ற வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.