உறிஞ்சுவது வேறு, கரைவது வேறு: 'டெலிக்வெசென்ட்' என்ற சொல்

'ஹைக்ரோஸ்கோபிக்', 'டெலிக்வெசென்ட்' இரண்டும் ஒன்றுதானே என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. ஒன்றல்ல. காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் எதுவும் முதல் வகை: சிலிக்கா ஜெல், பஞ்சு, அடர் கந்தக அமிலம். இழுத்த நீரிலேயே தானும் கரைந்து கரைசலாகிவிடும் திண்மத்துக்குத்தான் இரண்டாவது சொல். லத்தீனில் 'உருகி நீராதல்' என்று பொருள்படும் வினை அதன் வேர். 'ஈரம் உறிஞ்சிக் கரையும்' என்ற தமிழ்ப் பாடநூல் வழக்கு அதைவிடத் தெளிவு. நடப்பதை நடக்கும் வரிசையிலேயே சொல்லிவிடுகிறது.

சாதாரண உப்பையே எடுத்துக்கொள்வோம். படிகத்தின் மேல் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று உண்டு. அதில் உப்பு கரைந்து தெவிட்டிய கரைசலாகிறது, அதாவது இனி உப்பு கரையாத அளவுக்கு நிறைந்த கரைசல். அயனிகள் நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைப்பதால் ஆவியாகி வெளியேறுபவை குறைகின்றன. 25 டிகிரி செல்சியஸில் தூய நீரின் ஆவி அழுத்தம் 3.17 கிலோபாஸ்கல், இந்தக் கரைசலுக்கோ சுமார் 2.4 தான், அதாவது முக்கால் பங்கு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் போகும் நீரைவிட வரும் நீர் அதிகம். படலம் தடிக்கிறது. தடித்தால் கரைசல் நீர்த்துப்போய் இழுவை தளர வேண்டுமே? தளராது. அடியில் உள்ள படிகம் இன்னும் கொஞ்சம் கரைந்து அதை மறுபடி தெவிட்ட வைத்துவிடும். கடைசித் துகள் தீரும்வரை இழுவை குறையாது. அதனால்தான் 75 சதவீதம் என்ற வாசலுக்கு இந்தப் பக்கம் உலர் படிகம், அந்தப் பக்கம் முழுக் கரைசல். இவ்வளவு எளிய ஏற்பாட்டில் இவ்வளவு கறாரான எல்லை பிறப்பது அழகு.

மெக்னீசியம் குளோரைடுக்கு அந்த வாசல் ஏறத்தாழ 33 சதவீதம். சோடியம் ஹைட்ராக்சைடுக்கு பத்துக்கும் கீழே. உப்புகள் கலந்தால் கலவையின் வாசல் தனித்தனி வாசல்கள் எல்லாவற்றையும்விடத் தாழ்ந்துவிடும். சுத்திகரிக்காத கடலுப்பு சீக்கிரம் கசிவது இதனால்தான்.

வழக்கிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஆய்வகத்தில் சாதாரண ஈரத்திலேயே கசிபவற்றை மட்டும் 'டெலிக்வெசென்ட்' என்று அழைப்பார்கள். வளிமண்டல ஆய்வாளர்கள் கடலுப்புத் துகளையும் சேர்ப்பார்கள்.

சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளை எடைபோடும்போது தராசின் எண் ஏறிக்கொண்டே போகும். கார்பன் டைஆக்சைடும் சேர்ந்து கார்பனேட்டாகும். எனவே லிட்டருக்கு 4 கிராம் என்று எடுத்தாலும் 0.1 மோலார் என்று நம்பக்கூடாது. விரைவாக எடைபோட்டுக் கரைத்து, செறிவு தெரிந்த ஆக்சாலிக் அமிலக் கரைசலோடு தரம்பார்த்தே செறிவை எழுத வேண்டும்.

உயிரியலில் இதே சொல் வந்தால் காற்றின் ஈரத்தைத் தேடாதீர்கள். மைத்தொப்பிக் காளான் தன் நொதிகளாலேயே தன்னைச் செரித்துக் கருமையாக ஒழுகும். நடுத்தண்டு கிளைகளாகப் பிரிந்து பிரிந்து அடையாளம் இழக்கும் மரத்துக்கும் இதே பெயரடைதான்.