சாவிக்கொத்து அணைத்த கார்கள்

காரின் இக்னிஷனில் சாவியைத் திருப்பும்போது ஒவ்வொரு நிலையிலும் 'டக்' என்று ஒரு பிடிப்பு விரலுக்குத் தெரியும். உள்ளே ஒரு குட்டி ஸ்பிரிங், அதன் முனையில் ஒரு குமிழ். அந்தக் குமிழ் பள்ளத்தில் விழுந்து உட்காரும் சத்தம்தான் அது. ஸ்பிரிங் தளர்ந்தால் சாவி நின்ற இடத்தில் நிற்காது.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற செவ்ரலே கோபால்ட், சாட்டர்ன் ஐயான் கார்களில் நடந்தது இதுதான். சாவி நழுவ குறைந்தது 15 நியூட்டன்-சென்டிமீட்டர் முறுக்குவிசை வேண்டும் என்பது நிறுவனம் தானே வகுத்த அளவு. பொருத்தப்பட்ட ஸ்விட்சுகள் பலவற்றுக்கு 10-கூட வேண்டியிருக்கவில்லை. அச்சிலிருந்து 3 செ.மீ. தள்ளி இழுத்தால் அது வெறும் 340 கிராம் எடையின் இழுப்பு! சாவிக்கொத்து அதைவிட லேசுதான். ஆனால் வண்டி குழியில் இறங்கி ஏறும் கணத்தில் அதே கொத்து பல மடங்கு வேகமாகச் சுண்டும். ஓட்டுநரின் முழங்கால் இடித்தாலும் போதும். போதாததற்குச் சாவியின் தலையில் வட்டத் துளைக்குப் பதில் நீண்ட வெட்டு இருந்தது. வளையம் அதன் ஓரத்துக்கு நகர்ந்தால் நெம்பும் தூரம் இன்னும் கூடும்.

எஞ்சின் ஓடும் 'ரன்' நிலையிலிருந்து, ரேடியோ போன்றவை மட்டும் இயங்கும் 'அக்சசரி'க்குச் சாவி நழுவியதும் எஞ்சின் அணையும். ஸ்டியரிங் கனக்கும், பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டும். ஏர்பேக்கை விரிக்கும் கணினிக்கும் மின்சாரம் போய்விடும். மோதும்போது பை விரியாது. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124.

அங்கே கார் விற்பனைக்கு வருமுன் அரசு அதைச் சோதித்து அனுமதி தருவதில்லை. விதிப்படி செய்தோம் என்று நிறுவனமே சான்று தரும். தப்பு இருந்தால் பிறகு கண்டுபிடிப்பதே தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் வேலை. 2007-இல் விஸ்கான்சின் மாநிலக் காவல்துறை, ஒரு விபத்தை ஆராய்ந்து, சாவி நழுவியதையும் ஏர்பேக் விரியாததையும் இணைத்து அறிக்கை எழுதியது. அது நிர்வாகத்தின் கைக்கும் வந்தது. அதே ஆண்டு விசாரணை தொடங்கலாமா என்று அதிகாரிகள் யோசித்து, வேண்டாம் என முடிவெடுத்தார்கள். மின்சாரம் போனால் அந்தக் கார்களின் ஏர்பேக் என்னவாகும் என்பதே அவர்களுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அந்த நிர்வாகத்தின்மேல் மக்கள் நம்பிக்கை இழந்ததில் எனக்கு வியப்பில்லை. ஒளித்து வைத்த ரகசியத்தையா அதிகாரிகள் தவறவிட்டார்கள்? மேசைமேல் இருந்த தாளைத்தானே!

ரகசியமும் ஒன்று இருந்தது. 2006-இல் ஸ்விட்சைத் திருத்திய நிறுவனம், பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. பழையது எது, புதியது எது என்று வெளியில் யாருக்கும் தெரியாது. கடைசியில், இறந்த ஒரு பெண்ணின் குடும்பத்துக்காக வாதாடிய வழக்கறிஞர் அமர்த்திய பொறியாளர் ஒருவர், புது ஸ்விட்ச் ஒன்றை வாங்கி, விபத்துக் காரின் ஸ்விட்சோடு பிரித்து ஒப்பிட்டார். புதியதில் குமிழ்த்தண்டு சுமார் 1.6 மில்லிமீட்டர் கூடுதல் நீளமாக இருந்தது; அதனால் சாவியின் பிடிப்பும் இறுகியது. 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்கும் வேலை 2014 பிப்ரவரியில்தான் தொடங்கியது. அவர் வாங்கிய அந்த உதிரிபாகத்தின் விலை 30 டாலர் அளவில்.